வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கோவிட்: எந்த அறிகுறியை எண்ணணும், எதை விட்டுடலாம்?

#1 ஜன்னலோரம்

வணக்கம். வீட்டில் எனக்கும் என் மாமியாருக்கும் கோவிட் பாசிட்டிவ். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, "சேர்க்கவேண்டிய அளவுக்கு இல்லை, வீட்டிலேயே இருங்க, மோசமானா வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மோசமாவது என்றால் எது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

எனக்கு 41 வயது. காய்ச்சல் 102க்குக் கீழே இறங்க மாட்டேங்குது. எச்சில் விழுங்கினாலே தொண்டையில் கண்ணாடித் தூள் இறங்குகிற மாதிரி இருக்கு. குரல் கட்டிவிட்டது, மூக்கு ஒழுகுது, உடம்பெல்லாம் வலி, தலைவலி, இருமல். அத்தைக்கு 74. சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடறாங்க. அவங்களுக்குக் காய்ச்சலே இல்லை. அசதியா படுத்தே இருக்காங்க, சாப்பாடு வேண்டாங்கறாங்க, அவ்வளவுதான். அவங்க விஷயத்தில் பெரிய பயமில்லை, எனக்குத்தான் கவலையா இருக்கு.

வலையில் தேடினால் முப்பது அறிகுறி போட்டிருக்கான். அதில் பாதி என்கிட்ட இருக்கு. எதை எண்ணிக்கிட்டு உட்காரணும்?

#2 கட்டைவண்டி

இப்ப வர்ற கோவிட் வெறும் சளிக்காய்ச்சல் மேடம். உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாசம் அவசரநிலை முடிஞ்சதுன்னு அறிவிச்சாச்சு. டெஸ்ட் பண்ணாம இருந்திருந்தா இந்த டென்ஷனே வந்திருக்காது.

#3 நைட்_டியூட்டி

ஜன்னலோரம், உங்களைவிட உங்க அத்தையைப் பத்தித்தான் எனக்குக் கேட்கணும்.

அசதி எந்த நாளில் ஆரம்பிச்சது? எழுந்து பாத்ரூம் போறாங்களா, சிறுநீர் வழக்கமான அளவு போகுதா? பேச்சு எப்பவும் போலத் தெளிவா இருக்கா, இல்லை கேட்டதையே திரும்பக் கேட்கறாங்களா? ஆக்சிமீட்டர் வெச்சிருக்கீங்களா? சாப்பாடு வேண்டாம்னு சொல்லிட்டு சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுக்கறாங்களா? கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

#4 ஸ்டெத்_சைக்கிள்

நான் குடும்ப மருத்துவர். செவிலியான நைட்_டியூட்டி அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரட்டும். அதுவரை #1இல் கேட்டதற்குக் கொஞ்சம் விளக்கம்.

கோவிட்டில் லேசானது, மிதமானது, கடுமையானது என்று பிரிப்பது நுரையீரலை வைத்து மட்டும்தான். மூச்சுத்திணறல் இல்லை, மார்புப் படத்தில் ஒன்றும் இல்லை என்றால் லேசானது. நுரையீரலில் பாதிப்பு தெரிகிறது, ஆனால் அறைக்காற்றிலேயே ஆக்சிஜன் 94%க்குக் குறையவில்லை என்றால் மிதமானது. அதற்குக் கீழே போனாலோ, நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினாலோ கடுமையானது. அமெரிக்க வழிகாட்டுதல் இந்த 94ஐக் கோடாக வைத்தது, உலக சுகாதார நிறுவனம் 90ஐ வைத்தது. அதனால்தான் இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளிக்கு இரண்டு பெயர் வைப்பதைப் பார்க்கிறீர்கள்.

காய்ச்சல் எத்தனை டிகிரி, தொண்டை எவ்வளவு எரிகிறது, தலை எவ்வளவு வலிக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது. 102 டிகிரி காய்ச்சலோடு எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரும் லேசான வகைதான். 2020 பிப்ரவரியில் சீன நோய்க்கட்டுப்பாட்டு மையம் உறுதியான 44,672 நோயாளிகளைத் தொகுத்தபோது 81% லேசானது, 14% கடுமையானது, 5% உயிருக்கு ஆபத்தானது என்று வந்தது. உலகமெல்லாம் மேற்கோள் காட்டிய எண் அது. அந்த 81%க்குள் சின்ன அளவில் நிமோனியா இருந்தவர்களும் அடக்கம் என்பதை நிறையப் பேர் கவனிக்கவில்லை.

உங்கள் தொண்டை வலியைக் குறைத்துச் சொல்லவில்லை. அது ஆபத்தைக் காட்டும் அறிகுறி இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

#5 ஜன்னலோரம்

@நைட்_டியூட்டி அக்கா, அசதி முந்தாநாள் ஆரம்பிச்சது. சர்க்கரை மாத்திரை காலையில் எப்பவும் போல போட்டாங்க. சாப்பாடு ரெண்டு வாய்தான். நேத்து சாயங்காலம் அவங்க மகன் ஆபீஸிலிருந்து வந்தாச்சான்னு நாலஞ்சு தடவை கேட்டாங்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூக்கக் கலக்கமா இருக்கும்னு பேசிக்கிட்டோம். ஆக்சிமீட்டர் இருக்கு. ஒரு தடவை 95, அடுத்த தடவை 89, திரும்ப 94ன்னு காட்டுது. எதை நம்பறது?

#6 நைட்_டியூட்டி

குளுக்கோமீட்டர் இருந்தா இப்பவே குத்திப் பாருங்க. படிச்சு முடிச்சிட்டுப் பார்க்கலாம்னு வைக்காதீங்க. எண்ணை இங்க போட்டுட்டு உங்க மருத்துவருக்கு போன் போடுங்க.

#7 ஜன்னலோரம்

62.

#8 ஸ்டெத்_சைக்கிள்

அது குறைவு. அவரால் நினைவோடு விழுங்க முடிகிறது என்றால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். 70க்கு மேலே ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ். அடுத்த வேளை சர்க்கரை மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரை பெயர்களைச் சொல்லி, இன்றைக்கே நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

#9 நெறியாளர்

இழையைப் படிப்பவர்களுக்கு: மூச்சுவிட முடியாமல் திணறுவது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், புதிதாக வந்த குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், உதடு அல்லது நகம் நீலம் பாய்வது, இதில் எது இருந்தாலும் இங்கே பதிவு போடாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போகவும். இங்கே பதில் வர ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

#10 நைட்_டியூட்டி

ஜன்னலோரம் அங்க வேலையா இருப்பாங்க. மத்தவங்களுக்காக எழுதறேன்.

வயசானவங்களுக்குக் கோவிட் வந்தா காய்ச்சல், இருமல் எல்லாம் வரிசையா வரும்னு எதிர்பார்க்காதீங்க. எத்தனையோ பேருக்குக் காய்ச்சலே வராது. உட்கார்ந்த இடத்தில் இருந்து எழ மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க, கீழே விழுவாங்க, பேச்சு மாறும். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயது தாண்டிய 817 கோவிட் நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2020இல் வந்தது. 28% பேருக்கு வரும்போதே மனக்குழப்பம் இருந்தது. அந்தக் குழப்பம் வந்தவங்களில் 37% பேருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் மாதிரி வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை. அவங்க அவசரப் பிரிவுக்கு வந்தவங்க, வீட்டில் இருக்கறவங்க இல்லை, அது சரி. ஆனா வீட்டில் இருக்கும்போது இதைக் கவனிச்சிருந்தாத்தான் அங்க வந்தே சேர முடியும்.

குழப்பத்துக்கு வைரஸே காரணமா இருக்கலாம். ஆக்சிஜன் குறைஞ்சிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடம்பில் நீர் வத்தியிருக்கலாம், உப்பு குறைஞ்சிருக்கலாம். எதுன்னு வாசலில் நின்னு சொல்ல முடியாது. சர்க்கரையையும் ஆக்சிஜனையும் மட்டும் நாமே பார்த்துடலாம்.

#11 சர்க்யூட்சாமி

ஆக்சிமீட்டர் 95, 89, 94 என்று குதிப்பது பற்றி. நான் மருத்துவர் இல்லை, மின்னணுக் கருவிகள் பழுது பார்ப்பவன்.

அந்தக் கருவி விரலுக்குள் இரண்டு ஒளியை அனுப்புகிறது, ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த உத்தி இது. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார்.

துடிப்பை வைத்துக் கணக்கு என்பதால் விரல் சில்லிட்டிருந்தாலோ நடுங்கினாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தப்பாகத்தான் வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சு உயரத்தில் வைத்து, எண் நிலையாக நிற்கும் வரை ஒரு நிமிடமாவது விடுங்கள். பக்கத்தில் நாடித்துடிப்பு எண்ணும் வரும். அது கையால் பிடித்துப் பார்க்கும் நாடியோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். மாட்டிய உடனே தெரியும் எண்ணைப் பார்த்து அலறுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. தோல் நிறம் அடர்ந்தவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்ட வாய்ப்பு உண்டு. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே தமனி ரத்தத்தை எடுத்து அளந்தால் 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7%, வெள்ளையர்களில் 3.6%. நம்மில் பலருடைய தோலும் அடர்நிறம்தான். அதனால் ஒற்றை எண்ணைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நேற்று 98, இன்று 94 என்றால் "94 நல்ல எண்தானே" என்று இருந்துவிட முடியாது.

#12 கட்டைவண்டி

ஒரு சளிக்கு ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், நோட்டுப் புத்தகம். வீட்டையே ஐசியூ ஆக்கிடுவீங்க போல.

#13 ஸ்டெத்_சைக்கிள்

@கட்டைவண்டி ஐயா, உங்களுக்குத் தேவைப்படாது என்றே வைத்துக்கொள்வோம். இளவயது, தடுப்பூசி போட்டவர், வேறு நோய் இல்லாதவர் என்றால் நானும் ஆக்சிமீட்டர் வாங்கச் சொல்வதில்லை. மூச்சை எண்ணத் தெரிந்தால் போதும். ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவதை அவரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்பதும் நல்ல சோதனை.

ஆக்சிமீட்டர் இருப்பவர்களுக்கு: 95ம் அதற்கு மேலும் வீட்டில் இருக்கலாம். 93, 94 என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 92 அல்லது கீழே நிலையாக நின்றால் மருத்துவமனை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும், அவர்கள் இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம்.

இந்த நோயில் சிலருக்கு ஆக்சிஜன் இறங்கினாலும் மூச்சு முட்டுகிற உணர்வு வராது, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். உடலில் மூச்சு முட்டலைத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயு ஏறுவதுதான். அது ஏறாமல் ஆக்சிஜன் மட்டும் மெல்ல இறங்கும்போது எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால், நிற்க நடக்கத் தெம்புள்ளவரை நாற்காலியில் இருந்து ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலில் ஏதோ நடக்கிறது. ஏற்கெனவே 94க்குக் கீழே இருப்பவரிடமும் தள்ளாடுகிறவரிடமும் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஜன்னலோரம் வீட்டு அம்மாவுக்கு இது கூடவே கூடாது.

#14 ஜன்னலோரம்

வந்துட்டேன். ரெண்டாவது தடவை குத்தினப்ப சர்க்கரை 94, அப்புறம் 121. பேச்சு கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். கைச்சூட்டோட ஒரு நிமிஷம் வெச்சுப் பார்த்தா ஆக்சிஜன் 95, மூச்சு 20. நெஞ்சில் ஒரு பக்கம் லேசா சத்தம் இருக்குன்னார். சேர்க்க வேண்டாம், ஆனா வைரஸை அடக்குற ஆன்டிவைரல் மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு சொல்லி, கிட்னி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்திருக்கார். சர்க்கரை மாத்திரை ஒண்ணை நிறுத்திட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார், அது ஏன்னு கேட்க மறந்துட்டேன்.

#15 அவசரக்காரன்

ஆன்டிவைரல் எதுக்கு? என் சித்தப்பாவுக்குப் போன முறை முதல் நாளே ஸ்டீராய்டு, அஸித்ரோமைசின், ஐவர்மெக்டின், வைட்டமின் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டா கொடுத்தாங்க. மூணே நாளில் எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சீட்டை போட்டோ எடுத்துப் போடவா?

#16 ஸ்டெத்_சைக்கிள்

வேண்டாம். தயவுசெய்து அந்தச் சீட்டைப் போடாதீர்கள்.

ஸ்டீராய்டில் இருந்து தொடங்குகிறேன், மிகப் பெரிய கெடுதல் அங்கேதான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4%இல் இருந்து 29.3%ஆகக் குறைந்தது. வெறும் ஆக்சிஜன் வைத்திருந்தவர்களில் 26.2%இல் இருந்து 23.3%. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? மருந்து இல்லாமல் 14.0%, மருந்தோடு 17.8%. பின்னதைக் கெடுதல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் உறுதி இல்லை, பலன் இல்லை என்பது மட்டும் தெளிவு. அந்த ஆய்வின் முதல் பாதி செய்தியானது, இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. முதல் நாட்களில் உடல் வைரஸோடு போராடுகிறது. அப்போது எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. காய்ச்சல் சட்டென்று இறங்கும், எழுந்து உட்காருவார், எல்லோருக்கும் சந்தோஷம். சர்க்கரை உள்ளவராக இருந்தால் அது எகிறும். 2021இல் பரவிய கரும்பூஞ்சைக்கும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அளவில்லாத ஸ்டீராய்டும் பெரிய காரணங்கள்.

அஸித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. வீட்டில் இருந்த நோயாளிகளிடமே பிரிட்டனில் பிரின்சிபிள் என்ற ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. ஐவர்மெக்டினைப் பிரேசிலில் சோதித்த முடிவு 2022 மார்ச்சில் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 14.7%, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.3% பேருக்கு நிலை மோசமானது. உண்மையான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. உங்கள் சித்தப்பா மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்ததில் சந்தோஷம். பெரும்பாலானவர்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் எழுந்து உட்காருகிறார்கள், அதனால்தான் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

#17 ஸ்டெத்_சைக்கிள்

ஜன்னலோரத்துக்குத் தனியாக.

உங்கள் மருத்துவர் கொடுத்திருப்பது நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் சேர்ந்த பாக்ஸ்லோவிட் ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பிரயோசனம். தடுப்பூசி போடாத, ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர் என்பது ஒருவருக்கும் கீழே இறங்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 74 வயது, சர்க்கரை என்றால் நானும் கொடுத்திருப்பேன்.

இதில் ரிட்டோனவிருக்கு வைரஸோடு வேலை இல்லை. கல்லீரல் நிர்மட்ரெல்விரை உடைத்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதே கல்லீரல் வழியாகப் போகும் மற்ற மருந்துகளும் உடைபடாமல் ரத்தத்தில் தேங்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தச் சொன்னது அதனால்தான். அம்லோடிபின் போன்ற பிபி மாத்திரை இருந்தால் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கலாம், அளந்து பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் சில மருந்துகளோடு இதைச் சேர்க்கவே கூடாது. சிறுநீரக வேலை குறைந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், ரத்தம் எடுத்தது அதற்காக. வாயில் உலோகக் கசப்பு ஒன்று வரும், மருந்து முடிந்ததும் போய்விடும்.

சர்க்கரை மாத்திரை பற்றி: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள் உண்டு. பட்டினியில் அவை ஆபத்து. வேறு சில மாத்திரைகளை உடலில் நீர் வற்றும்போது நிறுத்த வேண்டியிருக்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

#18 கட்டைவண்டி

கம்பெனிக்காரன் ஆய்வு கம்பெனிக்காரன் மருந்துக்கு நல்லாத்தான் வரும் டாக்டர்.

#19 புள்ளிக்கணக்கு

@கட்டைவண்டி அப்படியே வராது. ஆபத்துக் குறைவானவர்களிடம் அதே கம்பெனி நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. அறிகுறிகள் அடங்க மருந்து எடுத்தவர்களுக்கு 12 நாள், வெற்று மாத்திரைக்கு 13 நாள். பலன் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஜன்னலோரத்துக்கு அவருடைய மருத்துவர் ஏன் மாத்திரை கொடுக்கவில்லை என்பதற்கும் இதுதான் பதிலாக இருக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். எல்லா அறிகுறியும் அடங்க 12, 13 நாள் என்பது நடுமதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல் நாள். "சளி மூணு நாளில் போயிடும்" என்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

#20 பழைய_பாசிட்டிவ்

எனக்கு 2020இல் வந்தது. அப்போது தொண்டை, மூக்கு எல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு காலையில் சோப்பு வாசனை தெரியவில்லை. அதுதான் முதல் அறிகுறி, கடைசியாகப் போன அறிகுறியும் அதுவே, மாதக்கணக்கில். இப்போது வருகிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லையே, ஏன்?

#21 புள்ளிக்கணக்கு

வைரஸ் மாறிவிட்டது. பிரிட்டனில் ஸோ என்ற செயலி வழியாகப் பொதுமக்கள் தினமும் அறிகுறிகளைப் பதிவு செய்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தடுப்பூசி போட்டவர்களிடம் டெல்டா வகை வைரஸையும் அதற்குப் பின்னால் வந்த ஒமிக்ரான் வகையையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். வாசனை போனது டெல்டாவில் 52.7%, ஒமிக்ரானில் 16.7%. தொண்டை வலி 60.8%இல் இருந்து 70.5%. குரல் கட்டுவதும் கூடியது. அறிகுறிகள் நீடித்த நாள் சராசரியாக 8.9இல் இருந்து 6.9 ஆனது. செயலியில் பதிவு போடுகிறவர்கள் எல்லா மக்களையும் போல இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்றியதில் இருந்து அறிகுறி வரும் இடைவெளியும் சுருங்கியது. ஆரம்பத்தில் ஐந்து நாள் அளவில் இருந்தது, ஒமிக்ரானில் மூன்று நாள் அளவு. #19இல் சொன்ன 12 நாளும் இந்த 7 நாளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று யாராவது கேட்பார்கள். அங்கே எல்லா அறிகுறியும் அடங்கி, அப்படியே தொடர்ந்து அடங்கியிருக்க வேண்டும் என்ற கண்டிப்பான கணக்கு, ஆட்களும் வேறு.

#22 ஸ்டெத்_சைக்கிள்

வாசனை போவது மூக்கடைப்பால் இல்லை. மூக்கின் உச்சியில் மண உணர்வு நரம்புசெல்களைச் சுற்றித் தாங்கும் துணைசெல்கள் இருக்கின்றன. வைரஸ் நுழையும் வாசலான ஏஸ்2 அந்தத் துணைசெல்களில்தான் இருக்கிறது, நரம்புசெல்லில் இல்லை. அதனால்தான் பலருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. திரும்பாதவர்களுக்கு மணப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணம், ஒவ்வொன்றையும் 20 விநாடி, காலை மாலை, குறைந்தது 12 வாரம். கோவிட்டுக்கு முன்பே 2009இல் ஜெர்மனியில் சோதித்த முறை. பொறுமை வேண்டும், செலவு இல்லை, பக்கவிளைவும் இல்லை.

#23 ஜன்னலோரம்

அத்தை உட்கார்ந்து சாப்பிடறாங்க. மருந்து மூணாவது நாள். கிட்னி கொஞ்சம் குறைவா இருக்கிறதால பாதி அளவுதான் கொடுத்தார். என்னோட காய்ச்சல் விட்டாச்சு, தொண்டையும் பரவாயில்லை, இருமல் மட்டும் ராத்திரி கொல்லுது.

ஒரு சந்தேகம். ரெண்டாவது வாரம்தான் ஆபத்துன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது இன்னும் உண்மையா?

#24 நைட்_டியூட்டி

உண்மைதான் மா, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆரம்ப அலைகளில் நாங்க வார்டில் பார்த்தது இதுதான்: காய்ச்சல் வந்து அஞ்சாம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள்ள மூச்சுத்திணறல், அதுக்கப்புறம் கிடுகிடுன்னு இறங்கும். காய்ச்சல் விட்டு ஒரு நாள் நல்லா இருந்துட்டு திரும்ப வந்தவங்களைப் பார்த்தா எங்களுக்கே பயம். இப்ப தடுப்பூசி, முந்தைய தொற்று எல்லாம் இருக்கிறதால அந்த மாதிரி வர்றது ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஆனா வயசானவங்க, எதிர்ப்பு சக்தி குறைக்கிற மருந்து எடுக்கறவங்க, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கறவங்களுக்குப் பத்து நாள் வரைக்கும் கண்ணு வெச்சுக்கங்க. காலை, மதியம், ராத்திரி படுக்கும் முன்னால மூச்சு, ஆக்சிஜன், சாப்பிட்டது, சிறுநீர். அவ்வளவுதான் நோட்டு. காய்ச்சலையும் எழுதுங்க, ஆனா அதை மட்டும் எழுதிட்டு நோட்டை மூடிடாதீங்க.

மருந்து முடிஞ்சு சில நாளில் திரும்ப மூக்கு ஒழுகி, டெஸ்டும் திரும்பப் பாசிட்டிவ் ஆகலாம். மருந்து எடுக்காதவங்களுக்கும் அப்படி வருது. பெரும்பாலும் லேசாத்தான் வந்து போகும், இன்னொரு கோர்ஸ் வேண்டியதில்லை. ஆனா அந்த நாளில் மத்தவங்களுக்கு ஒட்டும், அதனால விலகியே இருக்கணும்.

#25 சர்க்யூட்சாமி

எனக்கு நேற்றிலிருந்து தொண்டை வலி, காய்ச்சல். ஆன்டிஜென் டெஸ்ட் நெகட்டிவ். இழையில் உட்கார்ந்து தொற்றிக்கொண்டேனோ!

#26 நைட்_டியூட்டி

ஒரு நெகட்டிவை நம்பாதீங்க சாமி. அறிகுறி வந்த முதல் நாளில் அந்த டெஸ்ட் தவறவிடறது சகஜம். 48 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க, அதுவரைக்கும் மாஸ்க். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரைன்னு வேற பேரில் வர்றதிலும் அதேதான் இருக்கும், அட்டையைத் திருப்பிப் படிங்க.

#27 பழைய_பாசிட்டிவ்

ஜன்னலோரம் குணமாகி வருவதால் ஒன்று சொல்லணும். காய்ச்சல் விட்டதும் வேலையில் குதிக்காதீங்க. 2020இல் என்னையும் "லேசானது" என்று வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மாடி ஏறினால் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாது. சோம்பேறித்தனம் என்று வீட்டிலேயே சொன்னார்கள்.

#28 புள்ளிக்கணக்கு

சோம்பேறித்தனம் இல்லை. மருத்துவமனையில் சேராதவர்களை மட்டும் வைத்து அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 ஜூலையில் ஒரு தொலைபேசி ஆய்வு வெளியிட்டது. அறிகுறி இருந்த 274 பேரில் 35% பேர் பரிசோதனை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 18 முதல் 34 வயது வரை, வேறு நோயே இல்லாதவர்களிலும் ஐந்தில் ஒருவர். நீடித்தவற்றில் இருமலும் அசதியும்தான் முன்னால் நின்றன. தடுப்பூசிக்கு முந்தைய காலம் அது, இன்றைக்கு அதே விகிதம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை.

#29 ஸ்டெத்_சைக்கிள்

மறுநாள் விழுவது என்று பழைய_பாசிட்டிவ் சொன்னது முக்கியமான அடையாளம். உழைப்புக்குப் பிறகு, பல நேரம் ஒரு நாள் தள்ளி, எல்லா அறிகுறியும் சேர்ந்து மோசமாவது. அப்படி இருப்பவரைத் தினம் கொஞ்சம் கூடுதலாக நடக்கச் சொல்வது தவறான வைத்தியம். எவ்வளவு செய்தால் மறுநாள் விழுவதில்லையோ அந்த எல்லைக்குள் நின்றுகொள்ள வேண்டும். தொற்று தொடங்கி மூன்று மாதம் கழிந்தும் இருந்து, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றால் உலக சுகாதார நிறுவனம் அதை நீண்டகாலக் கோவிட் நிலை என்று வரையறுத்தது, 2021 அக்டோபரில். அதற்கு முன்னால் வரும் அசதி எல்லாம் அந்தப் பெயருக்கு உரியதல்ல. பெரும்பாலும் தானே சரியாகும்.

#30 ஜன்னலோரம்

எனக்கு அந்த அளவுக்கு இல்லை டாக்டர். மாடி ஏறினா மூச்சு வாங்குது, நின்னா சரியாகிடுது. இது எத்தனை நாள் இருந்தா மறுபடி காட்டணும்? அத்தைக்கு வலது கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு, படுத்தே இருந்ததாலன்னு நினைக்கிறேன்.

#31 ஸ்டெத்_சைக்கிள்

உங்கள் மூச்சு வாங்கல் வாரத்துக்கு வாரம் குறைந்தால் காத்திருக்கலாம். நான்கு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும். குறைந்துகொண்டே வந்தது திடீரென்று கூடினால் அன்றைக்கே.

அத்தையின் கால் அப்படி இல்லை. ஒரு காலில் மட்டும் வீக்கம், அதுவும் வலியோ சூடோ இருந்தால் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. கோவிட்டுக்குப் பிறகு கால் ரத்தக்குழாயில் கட்டி வரும் ஆபத்து மூன்று மாதம் வரையும், நுரையீரலில் ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்ததை ஸ்வீடன் முழுவதையும் வைத்துச் செய்த ஆய்வு 2022இல் காட்டியது. மருத்துவமனையில் சேராதவர்களும் அதில் உண்டு. அவர்களில் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் 74 வயதில் நாள் கணக்காகப் படுத்திருந்தவர் அவர். காலைத் தேய்த்துவிடவோ அமுக்கிவிடவோ வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் கேளுங்கள். பாக்ஸ்லோவிட் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள், ரத்தக்கட்டிக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்பது அதைப் பொறுத்து மாறும்.

#32 ஜன்னலோரம்

கிளம்பிட்டோம். மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில் எடுத்துக்கிட்டேன்.